நேரலை இல்லாத நொடிகள்

“ஒரே ரேஸை எதுக்குடி ரெண்டு டிவியில பாக்குற?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். அப்போது அவள் கையில் சால்டரிங் கம்பி சூடாக இருந்தது, உதட்டிடுக்கில் இரண்டு ஸ்க்ரூக்கள் இருந்தன. ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு அத்தை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கழற்றிய மூடியை மாட்டி முடிப்பதற்குள் அவளே மறந்துவிடுவாள். நானும் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அது எட்டு நோட்டு நீளத்துக்கு இருந்தது. அவ்வளவையும் வாயால் சொல்ல எனக்கு வராது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் வழிவிட முடியும், அவ்வளவு குறுகலான கடை. ஒரு பக்கம் கெட்டுப்போன டிவிகள், மறுபக்கம் சரியாகிவிட்ட டிவிகள், நடுவில் அத்தை. சரி செய்த டிவியை அவள் உடனே கொடுத்துவிட மாட்டாள். நாலு மணி நேரம் ஓடவிட்டு, படம் ஆடுகிறதா, நிறம் மாறுகிறதா, ஓரத்தில் கோடு விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் உரியவருக்கு ஃபோன் போகும். அந்த நாலு மணி நேரம் பார்க்கிற வேலை என்னுடையது. படிப்பை விட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று என்னைப் பற்றித் தெருவில் பேசிக்கொள்வது முழு உண்மை.

படிப்பை விட்டது ஒன்பதாம் வகுப்பில். எழுந்து நின்று பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னார் டீச்சர். எழுந்து நின்றேன். எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்தது, தொண்டையை மட்டும் யாரோ கையால் பொத்தியிருந்தார்கள். வாசிக்கிற வரைக்கும் நில் என்றார். மூன்று நாள் நின்றேன். நாலாம் நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பள்ளிக்கூடத்துக்கு முந்தைய தெருவில் திரும்பி, அத்தை கடையில் போய் உட்கார்ந்தேன். அம்மா அழுதாள். அப்பா இரண்டு முறை பள்ளிக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். அத்தை ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளிவிட்டாள். அன்றைக்கு அவள் வைத்த பெயர்தான் மியூட்டு. “மியூட்டு, அந்தப் பெரிய டிவியில பச்சை தூக்கலா இருக்கா பாரு” என்பாள். இருந்தால் தலையாட்டுவேன். வெளியாள் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். மியூட் போட்டாலும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது தெரிந்த ஒருத்தி கூப்பிட்டதால் வரவில்லை.

ஊருக்கு வெளியே கார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே பந்தயம் நடக்கும். இரண்டு சேனல்கள் தனித்தனியே காமிராக்களோடு வந்து அதைக் காட்டின. மூலையில் இருக்கும் முத்திரையின் நிறத்தைப் பார்த்து நான் ஒன்றைச் சிவப்பு என்றும் மற்றதை நீலம் என்றும் எழுதுவேன். சிவப்பிடம் பதினெட்டு காமிரா இருந்தது. அதன் வர்ணனையாளரை ஊரே வெண்கலத்தொண்டை என்று கூப்பிட்டது. ஒரு காலத்தில் இதே தடத்தில் கார் ஓட்டியவர். அவர் பேச ஆரம்பித்தால் நிற்கிற கார் கூட ஓடுகிற மாதிரி இருக்கும். நீலத்திடம் நாலே காமிரா. அதன் வர்ணனையாளருக்கு வருஷம் முழுக்கச் சளி. சுற்று நேரங்களை மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி வாசித்துக்கொண்டே போவார், நடுவில் இருமுவார், மன்னிக்கணும் என்பார், மறுபடி வாசிப்பார். டீக்கடையில், சலூனில், அப்பா வேலை பார்க்கும் டயர் கடையில், எங்கே போனாலும் சிவப்புதான் ஓடியது. நீலத்தைப் பார்த்தது அந்தச் சளிக்காரரின் வீட்டாரும் நானும்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூட நோட்டுகளில் பாதிப் பக்கங்கள் எழுதாமல் மிச்சம் இருந்தன. நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் நீலம், வலது பக்கம் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் யார் எதைக் காட்டினார்கள் என்று எழுதினேன். முதல் நோட்டிலிருந்து ஒரு வரி: “ஒன்பதாம் சுற்று. நீலம் - மூன்றாவது கார் உள்பக்கமாகப் போய் இரண்டாவது காரை முந்தியது. சிவப்பு - ஒரு நடிகர் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்.” சிவப்பு டயரில் எழும் புகையைக் காட்டும், ஓட்டுகிறவனின் கண்ணைக் காட்டும், அவன் மனைவி நகம் கடிப்பதைக் காட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. பார்த்து முடித்ததும் யார் யாரை எங்கே முந்தினான் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது. நீலத்துக்கு மாற்றிக் காட்ட வேறு காமிரா கிடையாது, அதனால் மேட்டின் மேல் நின்றபடி ஒரு வளைவை அரை நிமிடம் முழுசாகக் காட்டிக்கொண்டே இருக்கும். கார்கள் எறும்பு மாதிரி வரும், எறும்பு மாதிரி போகும். எந்த எறும்பு எதைத் தள்ளியது என்பது தெளிவாகத் தெரியும். நோட்டுகளை, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு பழைய டப்பா டிவிக்குள் போட்டு மூடிவைத்திருந்தேன். இனி சரியாகாது என்று அத்தை கைவிட்ட டிவியை யாரும் திறக்க மாட்டார்கள்.

நான் பந்தயம் பார்க்க ஆரம்பித்தது கார்களுக்காக இல்லை. ஆறாவது வளைவில் கொடி பிடித்து நிற்கிறவர் என் அப்பா. வாரத்தில் ஆறு நாள் டயர் மாட்டுவார், பந்தய ஞாயிறுகளில் விடியும்போதே குளித்து, அம்மா தேய்த்துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அதே வளைவு. முன்னால் கார் ஏதாவது நின்றுவிட்டாலோ உருண்டுவிட்டாலோ பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி காட்ட வேண்டும். ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே என்று அதற்கு அர்த்தம். டயர் கடையில் அவருக்குப் பட்டப்பெயரே மஞ்சக்கொடிதான். சிவப்பு எப்போதும் நீலத்துக்கு ஐந்து நொடி பின்னால் வரும். வானத்தில் எங்கேயோ கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறது என்பாள் அத்தை. அதனால் எனக்கு அப்பா இரண்டு முறை கொடி தூக்குவார். நீலத்தில் மஞ்சள் புள்ளியாக ஒருமுறை, ஐந்து நொடி கழித்துச் சிவப்பில் முகம் தெரிய இன்னொரு முறை. ஆரம்பத்திலேயே அத்தை கேட்டிருந்தால் பதில் இவ்வளவுதான்.

பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. சிவப்பின் மேல் மூலையில் ‘நேரலை’ என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும். அது சில நேரம் காணாமல் போகும். போன நேரங்களைக் குறித்துவைத்து நீலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சொல் மறைந்திருக்கும்போது சிவப்பு காட்டிய படம் ஒவ்வொரு முறையும் நீலத்தில் பத்து நொடி, இருபது நொடி முன்பே நடந்து முடிந்திருந்தது. பதிந்துவைத்த படத்தை நடுவில் செருகுகிறார்கள். பதிந்த படம் ஓடும்போது அந்தச் சொல் தானாக அணைந்துவிடுகிறது. பெரிய விபத்தை மறுபடி காட்டினால் ‘மீண்டும்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். இரண்டு நொடி, மூன்று நொடித் துண்டுகளுக்கு ஒன்றும் போட மாட்டார்கள், நடப்பதோடு நடப்பதாகச் சேர்ந்து ஓடிவிடும். இதற்கென்று வலது ஓரத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டேன். ‘நேரலை இல்லாத நொடிகள்.’ ஒரு ஞாயிறு கூட்டிப் பார்த்தால் நாற்பது நிமிடப் பந்தயத்தில் ஒன்பது நிமிடம் வந்தது. யாருக்குச் சொல்வது? சொன்னால்தான் யாருக்கு என்ன? எழுதிவைத்தேன்.

அந்த ஞாயிறு பதினேழாம் சுற்று. சிவப்பு முதலில் போகிறவனோடு நேர்ச்சாலையில் பறந்துகொண்டிருந்தது. நீலம் வழக்கம்போல மேட்டிலிருந்து ஆறாவது வளைவைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக் கார் தனியாகச் சுழன்று, தடத்தின் நடுவே குறுக்காக நின்றது. ஓரத்தில் மஞ்சள் புள்ளி எழுந்தது. நான் எழுதவும் செய்தேன், வழக்கம்போல மனதுக்குள் எண்ணவும் செய்தேன். ஆறு எண்ணியபோது ஒரு பச்சைக் கார் வேகம் குறையாமல் வந்து வெள்ளைக் காரின் மேல் மோதியது. புழுதி எழுந்து வளைவையே மூடியது. தலையைத் திருப்பிச் சிவப்பைப் பார்த்தேன். அதில் இப்போதுதான் ஆறாவது வளைவு வந்தது, நிற்கிற வெள்ளைக் கார், வந்து மோதுகிற பச்சைக் கார், புழுதி. அதற்கும் அடுத்தபடியாக என் அப்பா, இடுப்புக்கு மேல் பெரிதாக, கொடியைத் தூக்குகிறார். வெண்கலத்தொண்டை சொன்னார்: “பாருங்க, இப்பத்தான் கொடி மேல போகுது. இடிச்சு முடிச்சதுக்கு அப்புறம். அந்த ஆள் தூங்கிட்டாரா?”

பச்சைக் காரை ஓட்டியவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த சிவப்புச் சேனல் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருப்பவன் அவன்தான். கொடியே பார்க்கவில்லை என்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி சொன்னான். சாயங்காலத்துக்குள் அந்தப் பத்து நொடித் துண்டு எல்லார் ஃபோனிலும் இருந்தது. டயர் கடைக்கு வந்த ஒரு லாரி டிரைவர், “மஞ்சக்கொடி, என் வண்டிக்கு ஸ்டெப்னி மாட்டணும், இன்னைக்கே தூக்குவியா நாளைக்கா?” என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்தார்களாம். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். இதை அவரே வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. தடத்தை நடத்துகிறவர்கள் அந்தக் கிளப்காரர்கள். சனிக்கிழமை விசாரணை. தாமதமாகக் கொடி காட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒரு வருஷம் மட்டும் நிறுத்திவைப்பார்கள். மறுத்து, அது பொய் என்று தெரிந்தால், பிறகு தடத்தின் வாசலைக் கூட மிதிக்க முடியாது. அம்மா கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு வருஷம்தானே, கையெழுத்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருங்கள் என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் பெயர் ஊர் வாயிலிருந்து சீக்கிரம் இறங்கினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அத்தை நீலச் சேனலுக்கு ஃபோன் போட்டாள். அவர்களிடம் பதிவே இல்லை. டேப் பற்றாக்குறையாம், திங்கட்கிழமையே அதன் மேல் ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் நான் நோட்டை வெளியே எடுக்கவில்லை. அப்பா கோபமாக இருந்தார், வெள்ளைக் கார் நின்ற அந்த நொடியே தூக்கினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் இருக்கும்போது என் நோட்டு எதற்கு என்று இருந்துவிட்டேன். புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவர் ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து அந்தத் துண்டை மறுபடி ஓட்டினார். முடிந்ததும் மறுபடி. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ ஓடி முடிந்தபோது, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“நானேதான் லேட்டாத் தூக்கியிருக்கேன் போல. எனக்குத்தான் சரியா ஞாபகம் இல்ல.”

இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலையைச் செய்த கை. அந்தக் கையை விட, அது தூங்கிவிட்டது என்று சொன்ன குரலை அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் ஸ்கூலில் நின்ற மூன்று நாளும் எனக்கு அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து இப்போது வந்தது. எழுந்து செருப்பைக் கூட மாட்டாமல் கடைக்கு ஓடினேன். அத்தை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். குனிந்து நுழைந்து, பழைய டிவியின் பின்மூடியைக் கழற்றி, எட்டு நோட்டையும் எடுத்து அவள் மேஜையில் வைத்தேன்.

அத்தை முதல் நோட்டிலிருந்து படித்தாள். ஐஸ்கிரீம் நடிகரிடம் வந்ததும் சிரித்தாள். சளிக்காரர் ஒரே பந்தயத்தில் முப்பத்தோரு முறை இருமியதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். கட்டம் போட்ட பக்கங்கள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி நோட்டில் பதினேழாம் சுற்று வலது ஓரத்தில், “கொடி - நேரலை இல்லை - 3” என்று இருந்தது. அவள் தன் ஃபோனை எடுத்து அந்தத் துண்டை ஓட்டினாள். ஃபோனுக்காக இரண்டு பக்கமும் வெட்டி நீளவாக்கில் ஆக்கியிருந்தார்கள். அப்பாவின் முகமும் கையும் இருந்தன, மூலை இல்லை. கிளப்பிடம்தான் முழுப் படமும் இருந்தது, ஒளிபரப்பிலிருந்து அப்படியே பதிந்தது.

“நீ எழுதினது சரியாத்தான் இருக்குமா?” என்று கேட்டாள். தலையாட்டினேன்.

“நான் போய்ச் சொன்னா, அண்ணனுக்காகத் தங்கச்சி பரிஞ்சுக்கிட்டு வந்துட்டாம்பாங்க. எழுதினவதான் சொல்லணும்.”

என்னால் பேச முடியாது என்று கையைக் காட்டினேன்.

“யாருடி உன்னப் பேசச் சொன்னா? ரிமோட்ட எடு.”

அப்பாவிடம் அன்றே காட்டினோம். அவர் நோட்டைப் புரட்டினார். தன் பெண் இவ்வளவு எழுதுவாள் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு கடைசிப் பக்கத்தைத் தொட்டு, “இது நீ எனக்காக எழுதினது பாப்பா, அவங்க இதையெல்லாம் எடுத்துக்க மாட்டாங்க” என்று மூடி என் மடியில் வைத்தார். அந்தத் துண்டு ஓடியபோது வராத வலி, அப்போது வந்தது. அவருக்காக எழுதவில்லை. ஒருவருக்காகவும் எழுதவில்லை. நடந்தது என்னவோ அதை எழுதினேன். இதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன், பொத்திய கை அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளப் ஆபீசுக்குப் போனோம். அப்பா பந்தய ஞாயிறுக்குப் போடும் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். நீள மேஜை, அதன் தலைப்பக்கம் செயலாளர், சுவரில் பெரிய டிவி. அந்த டிவிக்குப் போன வருஷம் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டை மாற்றியது அத்தை. என்னைப் பார்த்ததும் செயலாளர், சின்னப் பெண் எதற்கு என்று கேட்டார். “டிவி பாக்க வந்திருக்கா. அதான் அவ வேலை” என்று அத்தை சொல்லிவிட்டு, சுவர் ஓரத்து நாற்காலி ஒன்றில் என்னை உட்காரவைத்தாள். ஒரு துணிப்பையில் எட்டு நோட்டும் என் மடியில் இருந்தன. எனக்கு ஒரே பயம்தான். கிளப்பிடம் இருக்கும் பதிவில் அந்தச் சொல் அணையாமல் இருந்துவிட்டால்? அந்த ஒருமுறை மட்டும் நான் தப்பாகப் பார்த்திருந்தால்? இரண்டு வருஷத்தில் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு முறை அணைந்திருக்கிறது. நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது முறையும் அணைந்திருக்க வேண்டும்.

வெண்கலத்தொண்டையும் வந்திருந்தார். கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நான் நினைத்ததை விடக் குள்ளமாக, முன்தலை வழுக்கையாக, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரை மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நேரில் அவர் குரல் தணிவாகத்தான் இருந்தது. அப்பாவைப் பார்த்ததும், “நீங்க இன்னும் அந்த ஆறாவது வளைவிலதான் இருக்கீங்களா?” என்று கேட்டார். அப்பா, ஆமாம் சார் என்றார்.

செயலாளர் கடிதத்தை வாசித்தார், டிவியைப் போட்டார். முழுப் படம் ஓடியது. வெண்கலத்தொண்டையின் குரல் அறையை நிறைத்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மேஜையைப் பார்த்தபடி மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பச்சைக் கார் மோதியது, புழுதி எழுந்தது, அப்பா கொடியைத் தூக்கினார், அந்த ஆள் தூங்கிட்டாரா என்று குரல் கேட்டது. நான் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் தாளை அப்பா பக்கம் நகர்த்தி, பேனாவையும் வைத்தார். அப்பா பேனா மூடியைக் கழற்றினார்.

எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் நின்ற மாதிரியே இருந்தது. அப்போது கையில் ரிமோட் இல்லை, இவ்வளவுதான் வித்தியாசம். மேஜையிலிருந்து அதை எடுத்தேன். படத்தைப் பின்னுக்கு ஓட்டினேன். முதலில் மியூட்டை அழுத்தினேன். இந்த ஊரில் அந்தக் குரலை அவர் எதிரிலேயே யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். குரல் போனதும் அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. சத்தமில்லாமல் பச்சைக் கார் வந்தது, சத்தமில்லாமல் மோதியது. அப்பாவின் கை எழுகிற இடத்தில் நிறுத்தினேன்.

“மேல மூலையில பாருங்க” என்றேன்.

எனக்கே கேட்டது. மூன்றே சொல்தான், ஆனால் கேட்டது.

ஒருவருக்கும் புரியவில்லை. பின்னுக்குப் போனேன். மோதும்போது மூலையில் ‘நேரலை’ இருந்தது. முன்னுக்கு வந்தேன். கொடி எழும்போது இல்லை. இன்னும் முன்னுக்கு. ஆம்புலன்ஸ் வரும்போது மறுபடி இருந்தது. இருக்கிறது, இல்லை, இருக்கிறது. மூன்று முறை ஓட்டிக் காட்டினேன். பிறகு துணிப்பையைக் கவிழ்த்து எட்டு நோட்டையும் மேஜையில் வைத்து, கட்டம் போட்ட பக்கத்தைத் திறந்து செயலாளர் முன்னால் தள்ளினேன். அத்தை எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, பதிந்த படம் ஓடும்போது அந்தச் சொல் தானாக அணையும் என்பதை நிதானமாக விளக்கினாள். நேற்றுக் காட்டிய படத்தை இன்று போட்டால் அது இன்று நடந்ததாகிவிடுமா என்று கேட்டாள்.

செயலாளர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தார். “எழுத்து அணைஞ்சதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா. இது குழந்தை எழுதின நோட்டு.”

அப்போதுதான் வெண்கலத்தொண்டை எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டினார். ரிமோட்டைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரமானது. கொடுத்தேன். அவரே பின்னுக்கு ஓட்டினார், அவரே முன்னுக்கு ஓட்டினார். மியூட்டை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய், ஒரு காலத்தில் அந்த வளைவில் கார் ஓட்டியவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்பாவின் கை பாதி உயரத்தில் நின்றது. வெண்கலத்தொண்டை அந்தக் கையைப் பார்க்கவில்லை, மூலையையும் பார்க்கவில்லை. அவருடைய விரல் அப்பாவின் தோளுக்குப் பின்னால் போய், திரையில் ஓர் இடத்தைத் தொட்டு நின்றது. அங்கே தடம் தெரிந்தது, அதற்கப்பால் வேலி, வேலிக்கு அப்பால் நீல வானம். ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

முந்தின காட்சியில் வளைவையே மூடியிருந்தது புழுதி, அப்படியானால் கொடி எழுந்தது அதற்கு முன்னால். இரண்டு வருஷம் இரண்டு டிவி பார்த்த நானும் அதைப் பார்த்திருக்கவில்லை. எல்லாரும் கையைப் பார்த்தோம், கையைப் பார்க்கச் சொல்லித்தான் அந்தக் குரல் சொல்லியிருந்தது.

அப்பா எழுந்து டிவிக்கு அருகே வந்தார். அந்தச் சுத்தமான வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் கையையும் பார்த்தார், படத்தில் இருப்பதை இல்லை, சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததை. திரும்பி வந்து பேனாவை மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துச் செயலாளர் பக்கம் தள்ளினார்.

“நான் நேரத்துக்குத்தான் தூக்கினேன். கையெழுத்துப் போட மாட்டேன்.”

செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. இது இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயமில்லை, பச்சைக் கார் ஓட்டியவனிடம் கேட்க வேண்டும், சேனலிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில் வெண்கலத்தொண்டையிடம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க சார். உங்க சேனல்தானே. நீங்க சொன்னா எழுதிக்கிறேன்.”

வெண்கலத்தொண்டை ரிமோட்டை மேஜையில் வைத்தார். ஃபிளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த வெந்நீரை ஒரு வாய் குடித்தார். குடித்ததைப் பார்த்தால் பேசப்போகிற மாதிரித்தான் இருந்தது. செயலாளர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். திறந்திருந்த என் நோட்டை வெண்கலத்தொண்டை குனிந்து பார்த்தார். ‘நேரலை இல்லாத நொடிகள்’ என்ற தலைப்பின் மேல் விரலை வைத்து, எண்களின் வழியாகக் கீழே அடிவரை இறக்கிக்கொண்டு போனார். அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அவர் ஃபிளாஸ்க்கை மூடினார். நாற்காலியை மேஜைக்கு அடியில் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். எழுதிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியாக அவர் போவது தெரிந்தது. நிறுத்தியிருந்த தன் காரைத் தாண்டி, நடந்தே, தடத்தின் பக்கமாக. உள்ளே சுவரில் அப்பாவின் கை பாதி உயரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, மஞ்சள் துணி காற்றில் விரிய ஆரம்பித்திருந்தது, மேல் மூலை காலியாக இருந்தது.